எட்டு நொடி கழித்து ஓர் அலறல்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சாலமன் சார் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ‘டீ குடிக்கப் போயிருக்கிறேன். 5 மணிக்கு வரவும்’ என்று அச்சடித்து லேமினேட் செய்த அட்டையை அதில் மாட்டுவார். டீ குடிக்க அவர் எங்கும் போவதில்லை. உள்ளே இரண்டாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டேப்ளர் டப்பா மேல் சாய்த்து வைப்பார்.

“மேரி, ரெடியா?”

“ரெடிங்க. இருங்க, புள்ள டேப்லட்ட காலால உதைக்கிறான். ம்... இப்ப சொல்லுங்க.”

இருவரும் சேர்ந்து நெற்றியில் விரல் வைத்துத் தொடங்குவார்கள். “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால...”

‘ஆமென்’ என்ற சொல்லில் இரும்புலியூரில் அவர் விரலும் புனேவில் அவர் மனைவி மேரி ஆன்ட்டியின் விரலும் ஒரே நேரத்தில் பிளே பட்டனை அழுத்தும். பேய்க்கதை தொடங்கும்.

முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். “பேய்க் கதைக்கு ஜெபமா சார்?”

“ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணிப் பாத்தோம்மா. அவ மூணுலயே அமுக்கிடுவா, நான் மூணு முடிஞ்சு அமுக்குவேன். பேஜாரா போச்சு. ஆமென்ல தப்பே வராது. முப்பது வருஷமா ஒன்னா சொல்லிகினு கீறோம்ல.”

நான் அந்தக் கடையில் ஒன்றரை வருடமாக வேலை செய்கிறேன். பி.காம். முடித்ததும் ஏதாவது அலுவலகத்தில் சேர்வேன் என்று நினைத்தேன். அதுவரைக்கும் என்று இங்கே வந்தேன். மற்றவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. சில நாள் அதே வேலைக்கு எனக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுக்கொள்வேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா பெயின்டர், அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் ஐந்தாம் வகுப்பிலிருந்து நான்தான் படித்துச் சொல்கிறேன். அப்படிப் படித்துச் சொல்வதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாலமன் சாருக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் பளு தூக்கும் கலாசி. சார் பத்தாவதோடு நின்று, கிண்டியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பிளேட் போடும் வேலைக்குப் போனார். பிரஸ்ஸை மூடியபோது கிடைத்ததைக் கொண்டு ஒரு பழைய ஜெராக்ஸ் மிஷின் வாங்கி இந்தக் கடையைத் தொடங்கினார். மேரி ஆன்ட்டி அப்போதிருந்தே கடையில் உட்காருவார். பாஸ்போர்ட் போட்டோக்களை அவர் வெட்டினால் நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் ஒரே அளவில் இருக்கும். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்துக்குப் பிறகு, முடிச்சூரிலிருந்து ஆட்கள் நனைந்த காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஆன்ட்டி மேஜை மேல் போர்வை விரித்து, செய்தித்தாளை மேலே வைத்து ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டார். சார் அவற்றை ஜெராக்ஸ் எடுத்தார். அந்த வரிசையில் நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிறப்புச் சான்றிதழின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை பட்டுப் பழுப்பான ஒரு முக்கோணம் இன்றும் இருக்கிறது.

ஆன்ட்டிக்குப் பேய் என்றால் பயம். பேய்ப் படம் என்றால் உயிர். கல்யாணமான மாதம் சார் அவரைத் தாம்பரத்தில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போயிருக்கிறார். இடைவேளைக்கு முன்னால் ஒரு பூனை குதித்ததற்கு ஆன்ட்டி போட்ட சத்தத்தில் மொத்த தியேட்டரும் திரும்பிப் பார்த்ததாம். “டார்ச் அடிச்சுகினு வந்தாம்மா டிக்கெட் கிழிக்கிறவன். யாருக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கறான். படத்த வுட்டுட்டு எல்லாம் எங்களையே பாக்குது. எனக்கு ஒரே வெக்கம். ஆனா அன்னிலேர்ந்து நான் எந்தப் படத்தயும் சரியா பாத்ததில்ல. இவ எப்பக் கத்துவான்னுதான் பாப்பேன்.”

போன நவம்பரில் மகள் ரேஷ்மாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆன்ட்டி புனேவுக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு பொங்கலுக்கு என்றார். குழந்தைக்கு மாந்தம், ரேஷ்மாவுக்கு லீவு முடிந்துவிட்டது, பக்கத்துக் காப்பகத்தில் ஒரு வயது ஆகாமல் எடுப்பதில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒன்று வந்தது. ஜனவரியில் சார் நான்கு நாள் போய்வந்தார். அங்கே சோபாவில் உட்கார்ந்திருந்ததாகவும், எல்லாரும் தன்னைத் தாண்டித் தாண்டிப் போனதாகவும் சொன்னார்.

அதனால் ‘ஊமை மணி’ தொடர் வந்தபோது இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். எட்டு எபிசோடு. வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியாகும். வெள்ளி நாலு மணிக்குக் குழந்தை தூங்கும் நேரத்தில், இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒருவர் முந்திப் பார்க்கக் கூடாது. ஈஸ்டருக்கு ஆன்ட்டி வந்துவிடுவார். கடைசி எபிசோடை இரும்புலியூர் வீட்டுப் பெரிய டிவியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கதை இதுதான். மலைமேல் மூடிப்போன ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு மணி தொங்குகிறது. அதற்கு நாக்கு கிடையாது. யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்த மணி அடிக்கிறது. அடிக்கிற ஒவ்வொரு முறையும் எஸ்டேட்டில் ஓர் ஆள் காணாமல் போகிறார். விசாரிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

“தபால்காரன்தாங்க பேய்,” என்று முதல் எபிசோடிலேயே ஆன்ட்டி சொல்லிவிட்டார். “அவன் வந்தா நாய் குலைக்கல பாருங்க.”

“நாய்க்கு தொண்ட கட்டிகினு இருக்கும். எஸ்டேட் டாக்டர்தான் பேய். எழுதி வெச்சுக்கோ.”

“டாக்டர் இல்லன்னா நான் வந்ததும் வஞ்சிர மீன நீங்க கழுவணும்.”

“தபால்காரன் இல்லன்னா ஒரு மாசம் என் சட்டைக்கு இஸ்திரி.”

அங்கிருந்து வரும் சத்தம் ஒரு நொடி, சில நாள் இரண்டு நொடி தாமதமாக வரும். இங்கே மணி அடித்து ஓயும்போது புனேவில் அடிக்கும். அதன் பிறகு ஆன்ட்டியின் அலறல். “ஐயோ ஆண்டவரே!” பிறகு ஒரு மூச்சு, பிறகு சிரிப்பு. நான் விண்ணப்பம் அடித்துக்கொண்டே இதைக் கேட்பேன். பயமுறுத்தும் கட்டம் வருவதற்குச் சற்று முன்பே சார் தன் கம்ப்யூட்டரின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். மனிதர் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் காதை போன் பக்கம் சாய்ப்பதையும் பார்த்தேன். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆறாவது வெள்ளிக்கிழமை. தவக்காலம் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. எபிசோடு முடிந்ததும் சார் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போக வேண்டும் என்பதால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இருபத்தோராவது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் துடைக்கிறார். துடைக்கத் துடைக்க அதில் அவர் பெயரே தெரிகிறது. பின்னால் மணி அடிக்கிறது. சார் அதற்கு முன்பே சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைச் சாய்த்திருந்தார்.

புனேவில் மணி அடித்தது. அலறல் வரவில்லை.

ஏதோ உரசும் சத்தம் கேட்டது. குழந்தை ‘ங்ஆ’ என்றது. திரையில் கட்டம் மாறி, ஒரு பஸ் மலைப்பாதையில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. வெயில், தேயிலைச் செடி, பஸ்ஸுக்குள் ஒரு கிழவர் கொய்யாப்பழம் தின்கிறார். அப்போது போனிலிருந்து வந்தது: “ஐயோ ஆண்டவரே!”

கொய்யாப்பழம் தின்கிறவரைப் பார்த்து யாரும் அலற மாட்டார்கள்.

சாரின் கை மவுஸ் மேல் அப்படியே இருந்தது. பிறகு அவர் சிரித்தார். “இன்னா மேரி, பயந்துட்டியா?”

“ஈரக்கொலையே நடுங்கிடுச்சிங்க.”

ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு அவர் என் மேஜைக்கு வந்தார். “அனு, எட்டு செகண்டு. கம்ப்யூட்டர்ல ஓடற நேரத்த பாத்துகினுதான் இருந்தேன்.”

“நெட் ஸ்லோவா இருந்திருக்கும் சார்.”

“மணி சரியாதான வந்துது? மணி வந்து எட்டு செகண்டு கழிச்சு இவ.” என் திரையை எட்டிப் பார்த்தார். “அவ முன்னாடியே பாத்துட்டாளா? அதக் கண்டுபுடிக்க எதனா வழி கீதா? ஒரே அக்கவுண்டுதானே.”

வழி இருந்தது. கணக்குக்குள் போனால் எந்த எபிசோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் ஓடியது என்று பட்டியல் இருக்கும். சொல்லியிருக்கவே கூடாது. ஆனால் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. “பாக்கலாம் சார்,” என்று திறந்தேன். அதற்குள் ஆதார் அட்டையோடு ஒரு பெண்மணி வந்தார். இரண்டு பக்கமும் ஒரே தாளில் வர வேண்டும் என்றார். சார் மிஷினுக்குப் போனார்.

பட்டியலை நான் தனியாகத்தான் படித்தேன்.

மூன்றாவது எபிசோடிலிருந்து ஒவ்வொன்றும் வியாழன் இரவு எட்டே முக்காலுக்கு ரேஷ்மா வீட்டு டிவியில் ஓடியிருந்தது. மறுநாள் நாலு மணிக்கு இரண்டு இடத்திலும் மறுபடி ஓடியிருந்தது. அதோடு முடியவில்லை. இரண்டாவது எபிசோடிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் ஒன்று பத்துக்கு இன்னொரு வரி இருந்தது. கருவி: கடையின் இரண்டாவது கம்ப்யூட்டர். ஒரு மணிக்கு நான் சாப்பிட வீட்டுக்குப் போவேன். கடையில் சார் மட்டும் இருப்பார்.

சத்தத்தை ஏன் குறைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது. எந்த நிமிடத்தில் அலறல் வரும் என்று அவருக்குத் தெரியும். கதையை மதியமே முடித்துவிட்டு, நாலு மணிக்கு அந்த ஒன்றை மட்டும் கேட்க உட்காருகிறார்.

அவர் வந்து பின்னால் நின்றபோது நான் பக்கத்தை மூடியிருந்தேன்.

“இன்னாமா?”

“ஆன்ட்டி பாக்கல சார்.”

“நெஜமா?”

“வெள்ளிக்கிழமை நாலு மணி மட்டும்தான் இருக்கு.”

இதுதான் நான் சொன்ன கெட்ட பழக்கம். வீட்டில் கடிதம் படிக்கும்போது இருப்பதைப் படிக்க மாட்டேன். ‘தேர்ந்தெடுக்கப்படவில்லை’ என்று இருந்தால் ‘அடுத்த மாசம் கூப்பிடுவாங்களாம்’ என்று படிப்பேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவார். நான் நல்லது செய்கிறேனா, இல்லை அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லையா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பதில் தெரியாமலேயே அன்றைக்கும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாரின் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

தெளியவில்லை. “அப்ப இது வேற,” என்றார். சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சாருக்கு சவுரிமுத்து என்று ஓர் அண்ணன் இருந்தார். கூப்பிட்டால் எட்டு பத்து நொடி கழித்துத்தான் ‘ஆங்’ என்பாராம். விளையாடுகிறார் என்று வீட்டில் சிரித்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

“எங்க அண்ணனுக்கும் இப்படிதாம்மா ஆரம்பிச்சுது. அவ முன்னாடியே பாத்திருந்தான்னா பரவால்லன்னு நெனச்சேன். பாக்கலன்னு ஆயிடுச்சே.”

சனிக்கிழமையே ரேஷ்மாவைப் போனில் பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாள். ‘காது, நரம்பு, தலை எல்லாத்தையும் பாரு’ என்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் போய் வரிசையில் நின்று புனேவுக்கு டிக்கெட் எடுத்து வந்தார். மறுநாள் ரயில். கடையை என்னிடம் விடுவதாகச் சொல்லி, டோனர் எங்கே இருக்கிறது, பேப்பர் சிக்கினால் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பொய் இவ்வளவு தூரம் நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்று மதியம் நான் வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது மேரி ஆன்ட்டி கூப்பிட்டார். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

“அனு, அவருக்கு இன்னாடி ஆச்சு? என் தலைய ஸ்கேன் எடுக்க சொல்றாராம். டாக்டரு கேக்கறாரு, எதுக்கு வந்தீங்கன்னு. நான் இன்னா சொல்ல? எம் புருஷனக் கேளுங்கன்னேன். ரேஷ்மா லீவு போட்டுகினு எம்மேல எரிஞ்சு வுழுவுறா.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு நொடியை, அண்ணனை, பட்டியலை, நான் சொன்ன பொய்யை. ஒன்று பத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆன்ட்டி அடுப்பை அணைத்தார்.

“ரெண்டாவது எபிசோடுல நெஜமாவே கத்திட்டேன் அனு. புள்ள தூக்கிவாரிப்போட்டு முழிச்சுகிச்சு. ரெண்டு மணி நேரம் அழுகை. மேல் வூட்டுக்காரங்க வந்து கதவத் தட்டிட்டாங்க. ரேஷ்மா ஆபீஸ்லேர்ந்து வந்து, ‘இது என்ன நம்ம ஊராம்மா’ன்னா. திட்டலாம் இல்ல. சும்மா கேட்டா. அதுலேர்ந்து இங்க நான் கத்தறதில்ல.”

“அப்போ அந்த...”

“அவருக்கு அது வேணும்டி. எனக்குத் தெரியாதா? வியாழக்கிழம ரேஷ்மாவோட டிவில பாத்துக்குவேன், வாயில முந்தானைய வெச்சுகினு. எங்க பயம் வருதுன்னு தெரிஞ்சுக்கணும்ல. வெள்ளிக்கிழம அந்த எடம் வந்தா போன எடுத்துகினு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவ இழுத்து மூடிகினு, ரோட்ட பாத்து கத்திட்டு வந்துடுவேன். கீழ ஒரு பஞ்சர் கடை கீது. அவன் மொதல்ல நிமிந்து பாப்பான், இப்பல்லாம் பாக்கறதில்ல.” சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “அன்னிக்குக் கதவு மாட்டிகிச்சு. பாதியில நின்னுடுச்சு, இடுப்புல புள்ள வேற. திறந்துகினு போறதுக்குள்ள பஸ்ஸு போய்கினு கீது.”

“சார் நாளைக்கு ரயில் ஏறப் போறார் ஆன்ட்டி.”

“வந்து இன்னா பண்ணுவாரு? சோபால உக்காருவாரு. எனக்கு ஒன்னுமில்லன்னு சொல்லு. இதச் சொல்லாத. நான் பொய்யாக் கத்தறேன்னு தெரிஞ்சா அப்புறம் வெள்ளிக்கிழமைல இன்னா இருக்கு?”

சோறு ஆறிவிட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்கு நடந்தேன். இருவருமே என்னை நம்பினார்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரைப் பற்றி எனக்குத் தெரியும். மறுபடி ஒரு பொய் சொன்னால் ரயில் நிற்காது. மூளையில் கட்டி என்ற பயத்தை வேறு எதைக் கொண்டு அகற்றுவது? நான் எத்தனை விதமாக யோசித்தும் உண்மையைத் தவிர எதுவும் கையில் வரவில்லை.

சார் பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைக்கே கொண்டுவந்து அடுக்கினார். வீட்டில் அடுக்கினால் பார்க்க ஆள் இல்லை.

“சார், நான் அன்னிக்கு பொய் சொன்னேன். பட்டியல்ல இருந்துது. ஆன்ட்டி வியாழக்கிழமையே பாத்துட்டாங்க. மூணாவதுலேர்ந்து.”

அவர் நிமிரவில்லை. நான் நிறுத்தாமல் சொன்னேன். குழந்தை, மேல் வீட்டுக்காரர்கள், முந்தானை, பால்கனி, பஞ்சர் கடை, கதவு. எல்லாம் முடிந்ததும் அவர் ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தலைல ஒன்னும் இல்லல்ல?”

“ஒன்னும் இல்ல சார்.”

“ஆண்டவரே உமக்கு ஸ்தோத்திரம்.” இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, “அந்தப் பட்டியல்ல என்னோடதும் இருந்துதா?” என்றார்.

“இருந்துது சார். ஒன்னு பத்து.”

“அவளுக்கு சொன்னியா?”

“இல்ல.”

அவர் எழுந்து மிஷினில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஆனாலும் தட்டை வெளியே இழுத்து, கட்டைத் தட்டி அடுக்கி, மறுபடி உள்ளே தள்ளினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தக் கதவு சைடுல இழுக்கற கதவா?”

“கண்ணாடிக் கதவுன்னாங்க. இழுத்து மூடறதுன்னு.”

“கீழ ஒரு பள்ளம் மாதிரி ஓடும்ல, அதுல மெழுகுவர்த்தியத் தேச்சா வழவழன்னு போவும். அவளுக்கு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. நீயா சொல்ற மாதிரி சொல்லு.”

சொன்னேன். எங்கள் வீட்டுப் பீரோ கதவுக்கு அப்படித்தான் செய்தோம் என்று சேர்த்துச் சொன்னேன். எங்கள் பீரோவுக்கு இழுக்கும் கதவு கிடையாது. இதுவும் பொய்தான். ஆன்ட்டி, “அப்படியா? தேச்சுப் பாக்கறேன்,” என்றார்.

டிக்கெட்டை ரத்து செய்தார். அந்த வாரம் கடையில் நாங்கள் அதிகம் பேசவில்லை. இருவரையும் பற்றித் தெரிந்துகொண்டதற்கு நான் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று தெரியாமல், என் மேஜையைத் தேவைக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை நாலு மணி அவர்கள் இருவருடையது. நான் அங்கே ஒரு நாற்காலி மாதிரி இருந்தேன். இப்போது நாற்காலிக்குக் கண் வந்துவிட்டது.

ஏழாவது வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்கு நான் கிளம்பியபோது சார் டிபன் டப்பாவைத் திறந்திருந்தார். தயிர் சாதம், பாக்கெட் ஊறுகாய். நான் தெருமுனை வரை போய், சார்ஜரை மறந்துவிட்டதாக எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். இரண்டாவது கம்ப்யூட்டரின் திரை இருட்டாக இருந்தது. அவர் அதைப் பார்த்தபடி மென்று தின்றுகொண்டிருந்தார்.

“பாக்கலியா சார்?”

“இல்லம்மா,” என்றார். காரணம் சொல்லவில்லை. நான் சார்ஜரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாலு மணிக்கு அட்டை மாட்டி, ஷட்டரைப் பாதி இறக்கினார். “மேரி, ரெடியா?” பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஆமென்.

இருவரும் தபால்காரனையும் டாக்டரையும் பற்றிச் சண்டை போட்டபடியே பார்த்தார்கள். ஆனால் சார் அன்றைக்குப் போன் பக்கம் சாயவில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் இதைப் பார்க்கும்போது அவர் முகத்தை நான் முதல்முறையாகக் கவனித்தேன். சத்தத்தைக் குறைக்கவும் இல்லை. எப்போது குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

இருபத்தெட்டாவது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் தன் அறைக்கு வருகிறார். களைத்துப் போய்ப் பெட்டியைத் திறக்கிறார். துண்டு, சீப்பு, யூனிபார்ம். அதன் அடியில் கை எதிலோ தட்டுகிறது. வெளியே எடுக்கிறார். மணியின் நாக்கு. அவர் பெட்டியிலேயே. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கைக்குள் மெல்ல அசைகிறது.

“ஏஏஏய்!”

நாற்காலி பின்னால் சாய்ந்தது. சார் காலால் உதைத்ததில் மேஜை ஓரத்திலிருந்த பேப்பர் கட்டு கீழே விழுந்து தரையெல்லாம் வெள்ளையாகப் பரவியது. அவர் போட்ட சத்தத்தில் ஷட்டருக்கு வெளியே செருப்புக் கால்கள் இரண்டு துள்ளி நகர்ந்தன. மெழுகு தடவிய கதவைத் தாண்டிப் பால்கனியில் நின்று ஆன்ட்டி போட்ட அலறல், சரியாக ஒரு நொடி தாமதத்தில் புனேவிலிருந்து வந்தது. “ஐயோ ஆண்ட...” பாதியில் நின்றது.

பஞ்சர் கடையின் காற்று பம்ப் ஓடுவது கேட்டது. ஒரு ஹாரன்.

“இன்னாங்க,” என்றார் ஆன்ட்டி மெதுவாக. “இன்னிக்கு நெஜமாவே கத்தறீங்க?”

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் சொல்லவில்லை. சார் மதியமே பார்த்துவிடுவதை ஆன்ட்டி தானாகவே தெரிந்து வைத்திருக்கிறார், எவ்வளவு நாளாகவோ.

“நெஞ்சு இன்னும் அடிச்சுகினு கீது மேரி,” என்றார் சார்.

அந்தப் பக்கம் சிரிப்பு தொடங்கியது. முதலில் மூக்கால், பிறகு அடக்க முடியாமல். புனேவுக்குப் போனதிலிருந்து ஆன்ட்டி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சாரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். உள்ளே குழந்தை வீறிட்டது.

“முழிச்சுட்டான். போச்சு.” கதவு வழவழவென்று ஓடும் சத்தம். “இல்லடா, இல்லடா கண்ணு, தாத்தாதான், தாத்தா பயந்துட்டாரு. ஏங்க, நான் அப்புறம் பேசறேன். ஈஸ்டருக்கு வர முடியாது போல கீதுங்க. காப்பகத்துல ஜூன்லதான் சேத்துப்பாங்களாம். நேத்தே சொல்லணும்னு பாத்தேன்.”

“சரி.”

“கோச்சுக்காதீங்க.”

“இல்ல மேரி. எட்டாவது எபிசோடு பெரிய வியாழனன்னிக்கு வருது. மறுநாள் பெரிய வெள்ளி, அன்னிக்கு வேணாம். சனிக்கிழம பாக்கலாம். இதே நேரம்.”

“முன்னாடியே பாத்துடாதீங்க.”

“நீயும்.”

ஆன்ட்டி குழந்தையைத் தூக்கப் போனார் போலிருந்தது. போனைத் துண்டிக்கவில்லை. தூரத்தில் அழுகையும் தாலாட்டும் கேட்டன. திரையில் மீதிக் கதை ஓடியது. சார் அதைப் பார்க்காமல் தரையில் குந்தி பேப்பர்களைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். கசங்காததை ஒரு பக்கமும் கசங்கியதை ஒரு பக்கமும் வைத்தோம்.

ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் பெயர்கள் ஓடும்போது மூன்று முறை மணி அடிக்கும். இங்கே அடித்து முடிந்ததும் புனேவில் அடிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் போனை வைப்பார்கள். அன்றும் இங்கே மூன்று முறை அடித்தது. சார் பேப்பர் கட்டைக் கையில் பிடித்தபடி போனைப் பார்த்து நின்றார். அந்தப் பக்கம் டேப்லட் எப்போதோ அணைக்கப்பட்டிருக்க வேண்டும். அழுகைகூட நின்றுவிட்டது. ஒரு நொடி, இரண்டு நொடி என்று நான் மனதுக்குள் எண்ணினேன். எட்டைத் தாண்டியும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஷட்டருக்குக் கீழே ஒரு கை நீண்டு தகரத்தைத் தட்டியது.

“சார், டீ குடிச்சாச்சா? ரேஷன் கார்டு ரெண்டு காப்பி வேணும்.”

சார் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். துண்டிக்காமலேயே வைத்தார். “தோ வரேம்மா,” என்று குனிந்து ஷட்டரைத் தூக்கினார்.